டௌ என்னும் எழுத்து

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு நிலைக்கோல், மேலே ஒரு குறுக்குக்கோல். கிரேக்க எழுத்தாகிய டௌ அவ்வளவுதான். பௌதிகத்தில் முறுக்கத்துக்கும் நேர மாறிலிக்கும் அதனைக் குறியீடாக எழுதினோம். இலத்திரன், மியூவன் ஆகியவற்றுக்கு அடுத்து 1975 இல் கண்டறியப்பட்ட துணிக்கைக்கும் அதுவே பெயர். 'மூன்றாவது' என்னும் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து அது.

ஆனால் அவ்வெழுத்தை நமக்கு நெருக்கமாக்கியவர், சென்னைத் துறைமுகத்தில் இலிகிதராயிருந்த இராமானுசன். முடிவிலிப் பெருக்கம் ஒன்றை 24 ஆம் அடுக்குக்கு உயர்த்தி விரித்தால் வரும் குணகங்களுக்கு 1916 இல் டௌ என்று குறியிட்டார். இரண்டாவது எண் மறை 24, மூன்றாவது 252. பெருக்கிப் பாருங்கள்: மறை 6048. ஆறாவது எண்ணும் அதுவே! பொதுக்காரணியற்ற எந்த இரு இடங்களுக்கும் இது பொருந்தும் என்று கண்டார்; நிறுவவில்லை. அடுத்த ஆண்டு மோர்டெல் நிறுவினார். இவ்வெண்களின் பருமன் பற்றிய அவரது இன்னோர் ஊகத்தை நிறுவ, 1974 இல் டெலீன் வரவேண்டியிருந்தது.

இவ்வரிசையில் பூச்சியம் எப்போதாவது வருமா? 1947 இல் லேமர் கேட்டார். இன்றும் விடையில்லை.

எங்கள் காலத்தில் 'ஏன்' என்று கேட்ட பிள்ளைகளுக்கு, "அது சோதனைக்கு வராது" என்ற பதிலே பலமுறை கிடைத்தது. நானும் வாய்மூடிக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அந்தக் குறை இன்னும் எனக்குண்டு. கிறீன் வைத்தியர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மண் இந்த மானிப்பாய். இங்கே படிக்கும் பிள்ளைகள் தமிழிலேயே கேட்கட்டும். லேமரின் கேள்விக்கு விடை அவர்களுள் ஒருத்தியின் கொப்பியில் பிறக்கலாம்.