ஒரு நாள் திருத்தல யாத்திரை



திருத்தல யாத்திரை என்றால் முற்காலத்தில் பல நாட்கள் ஆகும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, உற்றார் உறவினரிடம் விடைபெற்றுக்கொண்டு, கால்நடையாகவோ மாட்டு வண்டியிலோ புறப்படுவார்கள். இக்காலத்தில் அதிகாலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் குடும்பம், நான்கைந்து திருக்கோயில்களில் தரிசனம் முடித்து, அன்றிரவே வீடு திரும்பிவிடுகிறது. நாற்கரச் சாலையும் வாகன வசதியும் இதற்கு வழி செய்துள்ளன. ஆனால் ஒரு நாள் யாத்திரை நல்லபடியாக நிறைவேற வேண்டுமானால், புறப்படும் முன்பே அதற்குரிய ஒழுங்கை வகுத்துக்கொள்ள வேண்டும். விருதுநகர், சிவகாசிச் சமவெளிக்குச் செல்லும் அன்பர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மதுரையை ஆண்டவர் இராணி மங்கம்மாள். மதுரையிலிருந்து தெற்கே கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் பழைய பெருவழி, மங்கம்மாள் சாலை என்றே மக்களால் வழங்கப்பட்டது. அத்தகைய பெருவழிகளில் நிழல் தரும் மரங்கள் இருந்தன, சத்திரங்கள் இருந்தன, தண்ணீர்ப் பந்தல்கள் இருந்தன, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. வழி நடப்பவர் களைப்படைவார், களைத்தவர் இளைப்பாற வேண்டும் என்பதை எண்ணியே முன்னோர் இவற்றை அமைத்தனர். இளைப்பாறுதல் யாத்திரையின் ஓர் அங்கமாகவே இருந்தது.

இன்று அதே திசையில் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வாகனங்கள் விரைந்து செல்கின்றன. முன்பு இச்சாலைக்கு 7 என்ற எண் இருந்தது. நிற்காமல் ஓடுவதற்காகவே அமைந்த சாலை ஆதலால், இங்கே ஓய்வு தானாக வந்து வாய்ப்பதில்லை. யாத்திரை செல்வோரே ஓய்வுக்கு நேரம் ஒதுக்கினால்தான் உண்டு.

மதுரையிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்தின் பயணத்தை எடுத்துக்கொள்வோம். திருமங்கலம், விருதுநகர் வழியாகச் சாத்தூரை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அருள்மிகு மாரியம்மன் எழுந்தருளியுள்ள திருத்தலம் அது. மீண்டும் சாத்தூர் வந்து மேற்கே சென்றால் சிவகாசி. அங்கே அருள்மிகு காசி விசுவநாத சுவாமி திருக்கோயில். அதன் அருகிலேயே திருத்தங்கல்; 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான அருள்மிகு நின்ற நாராயணப் பெருமாள் திருக்கோயில் அங்குள்ளது. மேலும் மேற்கே சென்றால், பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த திருவில்லிபுத்தூர். அங்கு 11 நிலைகளுடன் ஓங்கி நிற்கும் இராஜகோபுரம் தொலைவிலேயே கண்ணுக்குத் தெரியும். திரும்பும்போது வந்த வழியே வர வேண்டியதில்லை. கிருஷ்ணன்கோவில், தே. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக 744-ஆம் எண் நெடுஞ்சாலையில் மதுரையை அடையலாம். மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர்.

200 கிலோமீட்டர்தானே என்று பலர் எண்ணுவதுண்டு. சாலையில் செல்லும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் அது ஐந்து மணி நேரத்திற்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு திருத்தலத்திலும் வாகனம் நிறுத்த, கால் கழுவ, அர்ச்சனைத் தட்டு வாங்க, வரிசையில் நிற்க, பிரகாரம் வலம் வர, பிரசாதம் பெற்றுச் சற்றே அமர, ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் ஆகும். திருத்தங்கலில் பெருமாள் குன்றின்மீது எழுந்தருளியிருப்பதால் முதியோர் படியேறக் கூடுதல் நேரம் வேண்டும். இவற்றைக் கணக்கில் கொள்ளாதவர்கள், கோயிலில் செலவான நேரத்தைச் சாலையில் ஈடுகட்ட முயல்கிறார்கள். விபத்துக்கு வித்து அங்கேதான் விழுகிறது.

ஆகவே திட்டமிடும்போது இரவு வீடு திரும்ப வேண்டிய நேரத்தை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டுமானால், மாலை ஆறு மணிக்குத் திருவில்லிபுத்தூரை விட்டுக் கிளம்ப வேண்டும். பெரும்பாலான திருக்கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். எனவே காலை தரிசனங்கள் நண்பகலுக்குள் முடிய வேண்டும். அதற்கு அதிகாலை ஐந்து மணிக்கே மதுரையை விட்டுக் கிளம்ப வேண்டும். ஏழு மணியளவில் இருக்கன்குடி, பத்து மணியளவில் சிவகாசி, பதினொரு மணியளவில் திருத்தங்கல் என்று அமைத்துக்கொண்டால், உச்சிவேளைக்குத் திருவில்லிபுத்தூர் சேர்ந்து உணவருந்தி இளைப்பாறலாம். நான்கு மணிக்கு நடை திறந்ததும் வடபத்ரசாயியையும் ஆண்டாளையும் சேவிக்கலாம்.

இந்த அமைப்பில் வேறொரு நன்மையும் உண்டு. சிவகாசியிலிருந்து திருவில்லிபுத்தூருக்கு மேற்கு நோக்கிச் செல்ல வேண்டும். பிற்பகலில் சென்றால் வெயில் ஓட்டுநரின் கண்ணில் நேராக அடிக்கும். நண்பகலுக்குள் சென்றுவிட்டால் அத்தொல்லை இல்லை. மாலையில் மதுரைக்குத் திரும்பும்போது கதிரவன் முதுகுப் பக்கம் இருப்பான்.

நடை சாத்தும் நேரத்தைப் பலர் வீண் நேரமாகக் கருதுகின்றனர். அந்த இடைவெளியில் இன்னொரு ஊருக்குச் சென்றுவரத் துடிக்கின்றனர். இறைவனே இளைப்பாறுவதாகப் போற்றப்படும் நேரம் அது. விடியும் முன் எழுந்து வாகனம் ஓட்டி வந்த ஓட்டுநருக்கும் அதுவே ஓய்வு நேரமாக வேண்டும். உண்ட மயக்கமும் பகல் வெயிலும் சேர்ந்தால் கண் தானாகச் செருகும். தொழில்முறை ஓட்டுநர்களின் நலனுக்காக 1961-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று விதித்திருந்தது. குடும்பத்தாரில் ஒருவரே வாகனம் ஓட்டினாலும் அவர் உடம்பும் அதே உடம்புதான். அவருக்கு முதலில் உணவளித்து, நிழலில் படுக்க இடம் கொடுத்து, அவரையும் சன்னிதிக்கு அழைத்துச் சென்று தரிசனம் செய்விப்பது உடன் செல்வோரின் கடமை. வாடகை வண்டி ஓட்டிவரும் தம்பியைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டு மற்றவர்கள் மட்டும் உள்ளே செல்வது அறமாகாது.

“இவ்வளவு தூரம் வந்துவிட்டு இன்னும் ஒரு கோயிலைப் பார்க்காமல் போவதா?” என்ற கேள்வி எல்லாக் குடும்பத்திலும் எழும். திருச்சுழி இருக்கிறதே என்பார் ஒருவர். அருள்மிகு திருமேனிநாதர் அருள்பாலிக்கும் தலம் அது. 1879-ஆம் ஆண்டு பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி அவதரித்த ஊர். ஆனால் அது அருப்புக்கோட்டைக்கும் கிழக்கே உள்ளது; திருவில்லிபுத்தூரோ மேற்குக் கோடியில் உள்ளது. இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் ஓட்டம்தான் மிஞ்சும். சதுரகிரிக்குப் போகலாம் என்பார் மற்றொருவர். மலையேறித் தரிசிக்க வேண்டிய அத்தலத்திற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். வானிலையும் பார்க்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே திடீரெனப் பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை மறக்கலாகாது. இன்று விடுபட்ட திருத்தலம் இன்னொரு நாள் அழைக்கும். ஒன்றைக் குறைத்துக்கொள்வது தெய்வக் குற்றம் ஆகாது.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இருக்கன்குடியில் பெருங்கூட்டம் கூடும். ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூரில் தேரோட்டம் நடைபெறும். அந்நாட்களில் வாகனங்கள் மாற்று வழியில் விடப்படலாம். விழாவைக் காணவே செல்வோர் அந்த ஒரு தலத்தோடு நிறுத்திக்கொள்வது நலம். கிரகண நாட்களில் நடை திறக்கும் நேரம் மாறும். முதல் நாளே திருக்கோயில் அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

திருவிழாக் காலங்களில் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் இரவிலும் விடியற்காலையிலும் சாலை ஓரமாக நடந்து வருவார்கள். வாகனத்தில் செல்வோர் அவர்களைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து விலகிச் செல்ல வேண்டும். நடந்து செல்வோரும் வெளிர் நிற உடையும் ஒளி பட்டால் மின்னும் பட்டையும் அணிந்து, சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பொங்கல் பானையையும் விறகையும் ஏற்றிக்கொண்டு, அவற்றின்மேல் பெண்களையும் குழந்தைகளையும் அமர்த்திச் சரக்கு வண்டிகளில் வரும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். வண்டி கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இராது. வாடகையில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகக் குடும்பத்தையே பணயம் வைக்கலாகாது.

இனி இந்த மண்ணுக்கே உரிய ஒரு கவனம் உண்டு. 1922-ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். மழை குறைந்த இந்தக் கரிசல் பூமியில் தீப்பெட்டியும் பட்டாசும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. சன்னிதியில் கற்பூரம் ஏற்ற உரசும் தீக்குச்சியிலும் தீபாவளி மத்தாப்பிலும் இவ்வூர் மக்களின் உழைப்பு உள்ளது. இச்சாலைகளில் செல்லும்போது ஊருக்கு வெளியே சிறு சிறு அறைகளாகத் தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு ஆலைகளைக் காணலாம். அவற்றின் அருகில் வண்டியை நிறுத்திப் புகை பிடிப்பதோ, அடுப்பு மூட்டிச் சமைப்பதோ கூடாது. பட்டாசு ஏற்றிச் செல்லும் லாரிக்கு மிக அருகில் செல்லாமல் இடைவெளி விட வேண்டும்.

சிவகாசி வரை வந்ததற்குக் கொஞ்சம் பட்டாசு வாங்கிப் போகலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அதே வண்டியில் கற்பூரமும் தீப்பெட்டியும் விளக்கெண்ணெயும் இருக்கும். உச்சி வெயிலில் கதவடைத்து நிற்கும் வண்டிக்குள் வெப்பம் ஏறும். குழந்தைகளும் அதிலேதான் அமர்ந்திருப்பார்கள். இரயிலிலும் பேருந்திலும் பட்டாசு கொண்டு செல்லத் தடை உள்ளது. திருத்தல யாத்திரை செல்லும் நாளில் அதனைத் தவிர்ப்பதே நன்று.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆலையில் வேலை செய்தவர்கள் மட்டுமல்லாமல், உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்களும் அதில் மாண்டனர். ஆதலால் வழியில் எங்கேனும் புகை எழக் கண்டால், வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்க நெருங்கலாகாது. விலகி நின்று தீயணைப்பு வண்டிக்கும் 108 ஆம்புலன்சுக்கும் வழிவிடுவதே அங்கே செய்யத்தக்க தொண்டு. சாலை விபத்தைக் கண்டாலோ, 108-க்குத் தகவல் தந்து, இயன்ற உதவியைத் தயங்காமல் செய்ய வேண்டும். அவ்வாறு உதவுவோருக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது.

ஆண்டாள் நாச்சியாரின் திருப்பாவையை எண்ணிப் பார்க்கலாம். நீராடவும் நோன்பு நோற்கவும் செல்லும் ஆயர் சிறுமியர், உறங்கும் தோழியர் வீட்டு வாசலில் நின்று ஒவ்வொருவராக எழுப்பி, எல்லோரையும் சேர்த்துக்கொண்டே செல்கின்றனர். முந்திச் செல்ல வேண்டும் என்று ஒருவரையும் விட்டுவிடவில்லை. குடும்பத்தோடு செல்லும் யாத்திரைக்கும் இதுவே முறை. படியேற இயலாத பாட்டிக்கும், பசி தாங்காத குழந்தைக்கும், உறக்கம் வரும் ஓட்டுநருக்கும் ஏற்ப அந்நாள் அமைய வேண்டும்.

சிவகாசித் தலவரலாறும் இதனையே உணர்த்துகிறது. தென்காசியில் பிரதிஷ்டை செய்வதற்காகப் பாண்டிய மன்னன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து சிவலிங்கம் கொண்டு வந்தான். வழியில் வில்வ மரங்கள் நிறைந்த ஓரிடத்தில் தங்கினான். அரசியால் அதற்கு மேல் பயணம் செய்ய இயலவில்லை. லிங்கத்தைச் சுமந்து வந்த பசுவும் நகர மறுத்தது. மன்னன் பசுவை அடித்து ஓட்டவில்லை. அரசியைக் கடிந்துகொள்ளவும் இல்லை. இது சிவபெருமானின் திருவுள்ளம் எனத் தெளிந்து அங்கேயே லிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தான். காசியிலிருந்து வந்த சிவன் தங்கிய இடம் சிவகாசி ஆயிற்று. களைத்தவர்களுக்காக மன்னன் நின்ற இடத்தில்தான் இன்று திருக்கோயில் நிற்கிறது.

அன்பர்களே! புறப்படும் முன் விநாயகப் பெருமானை வணங்குங்கள். சக்கரக் காற்றையும் விளக்குகளையும் பாருங்கள். முன்னும் பின்னும் அமர்ந்த அனைவரும் இருக்கைப் பட்டை அணியுங்கள். இரு சக்கர வாகனமானால் இருவரும் தலைக்கவசம் அணியுங்கள். குடிநீரும் மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். தரிசனம் செய்யும் திருத்தலங்களில், இந்த மண்ணில் நெருப்போடு உழைத்து உண்ணும் மக்களின் நலனுக்காகவும் ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அன்றிரவு எல்லோரும் வீட்டுப் படியேறி, பிரசாதத்தை அக்கம்பக்கத்தாருக்குப் பகிர்ந்து கொடுக்கும்போதுதான் யாத்திரை நிறைவு பெறுகிறது. அந்நிறைவை எல்லாக் குடும்பங்களுக்கும் இறைவன் அருள்வானாக!