எல்லாரும் பேசணும்



குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் பள்ளிக்கூடம் பற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்தில் அக்வொர்த் என்ற ஊரில் 1779-இல் ஜான் ஃபாதர்கில் என்ற மருத்துவர் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. வசதியில்லாத குவேக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளி. அந்தக் காலத்திலேயே ஆணோடு பெண்ணையும் சேர்த்தாங்க.

குவேக்கர் பள்ளிகளில் பிள்ளைகள் ஒன்றாக அமைதியாக உட்காருவாங்க. மனசில் பட்டதை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். குவேக்கர்களின் நிர்வாகக் கூட்டத்தில் ஓட்டெடுப்பே கிடையாது. ஒருத்தர் மறுத்தாலும் நிதானமாகக் கேட்பாங்க.

இப்படிப் பழகிய பிள்ளை, வீட்டில் அம்மா பேசும்போதும் காது கொடுக்கும் என்று நம்புறேன். நம்ம குழுவிலும் தீர்மான நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போற அக்காவை, அடுத்த கூட்டத்தில் முதலில் பேசச் சொல்வோம். வீட்டில் மகளையும் கேட்போம்.