திரையிலும் காப்பியத்திலும் கவுந்தியடிகள்

1964இல் வெளிவந்த 'பூம்புகார்' திரைப்படத்தில் கவுந்தியடிகளாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். மு. கருணாநிதியின் உரையாடலும் அவ்வம்மையாரின் கணீரென்ற குரலும் அடிகளாரைப் பாமரர் நெஞ்சிலும் பதித்தன. துயரைக் குரலாக்கிக் காண்போர் கண்களை அக்கணமே நனைப்பது திரைக்கலையின் ஆற்றல்.

இளங்கோவடிகள் கையாண்ட நெறி வேறு. சிலப்பதிகாரத்தில், கோவலன் கண்ணகியரோடு மதுரைக்கு நடந்த அடிகளார், கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அவ்வழிப்பயணத்தில் மறையோன் கூறும் வழிகளில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரும் இடம்பெறுகின்றது. ஆயினும், அவரது முடிவு நேரே காட்டப்படவில்லை. நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் சொல்லும் சில அடிகளில் அது அடங்குகின்றது. கோவலன் கொலையுண்டதறிந்து அடிகளார் சினம் கொள்கிறார். அரசனும் உயிர் துறந்தான் என்றதும் அச்சினம் தணிகின்றது. பின்னர், அவர்தம் வினை தம்மோடு சேர்ந்து வந்து பயன் தந்ததோ எனத் தம்மையே வினவி, உண்ணாநோன்பிருந்து உயிர் நீக்கிறார்.

பிறர்மேற் சென்ற சினம் தன்வினை ஆராய்ச்சியாக மாறும் அவ்விடமே சமண அறத்தின் உயிர்நிலை. அச்சில அடிகளை ஓதியபின் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளைக் காணும் இளையோர்க்கு, அவற்றின் அமைதி நன்கு விளங்கும். படம் கண்ட பிள்ளைகளுக்கு இக்காதையையும் பெற்றோர் படித்துக் காட்டுவாராக!