நாற்பத்தெட்டு வளைவுகள்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்குக் கொடுத்திருக்கும் பத்து நிமிடத்தில் உங்களையெல்லாம் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஒரு மலைக்கு அழைத்துப் போகப் போகிறேன். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை இருக்கிறதல்லவா? அதில் இத்தாலி நாட்டின் வட எல்லைப் பக்கம் ஸ்டெல்வியோ கணவாய் என்று ஓர் இடம். கணவாய் என்றதும் மீன்கடை ஞாபகம் வேண்டாம்! மலைகளுக்கு நடுவே கடந்து போகும் வழிக்கும் கணவாய் என்றுதான் பெயர்.

அதன் உயரம் 2,757 மீட்டர். தீபகற்ப மலேசியாவிலேயே உயரமான தாகான் மலை 2,187 மீட்டர்தான். அந்த உச்சிக்கும் மேலே இன்னும் 570 மீட்டர் உயரத்தில் தார் ரோடு ஓடுகிறது என்றால் எண்ணிப் பாருங்கள்!

இந்தப் பாதையை 1820-க்கும் 1825-க்கும் இடையில் ஆஸ்திரியப் பேரரசு போட்டது. பொறியாளர் கார்லோ டொனெகானி. அன்றைக்கு மண்வாரி இயந்திரம் ஏது? டைனமைட்டே கண்டுபிடிக்கப்படாத காலம். எல்லாம் கைவேலை. பொறியாளர் பெயர் நிலைத்துவிட்டது. கல் உடைத்தவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? இந்த நாட்டில் ரோடும் ரயில் பாதையும் போட்ட நம் பாட்டன்மாரை நினைத்துக்கொண்டால் அது நமக்கு நன்றாகவே புரியும்.

வகுப்பில் இந்தப் பாதையின் படத்தைக் காட்டியபோது ஒரு மாணவன், "ஏன் சார், நேரா போட்டிருக்கலாமே, சீக்கிரம் போயிடலாமே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நேராகப் போட்டால் அது ரோடாக இருக்காது, ஏணியாக இருக்கும். குதிரை வண்டி ஏறாது. ஆகவே செங்குத்தான மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, இப்படியும் அப்படியுமாக மடித்துப் போட்டார்கள். பிராட்டோ என்ற ஊர்ப்பக்கமிருந்து ஏறினால் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 48. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எண்கள் மேலிருந்து தொடங்குவதால், ஏறுகிறவன் 48, 47, 46 என்று எண்ணிக்கொண்டே போவான்.

சரி, வண்டியை எடுப்போம். முதலில் ஊசியிலை மரக்காடு. ஏற ஏற மரம் போய்ப் புல், புல் போய்ப் பாறை. எதிரே 3,905 மீட்டர் ஓர்ட்லர் சிகரம், பனி போர்த்துக்கொண்டு நிற்கும். கீழே வெயில் அடித்தாலும் மேலே கை விறைக்கும். உச்சியில் காற்று ஏறக்குறைய கால் பங்கு அடர்த்தி குறைவு. அதனால் இஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், இழுவை குறையும். குளிர்காலத்தில் பனி மூடிவிடுவதால் பாதையையே அடைத்துவிடுவார்கள்.

பழகிய ஓட்டுநர் அங்கே எப்படி ஓட்டுகிறார்? வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிப்பதில்லை. போவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கிவிடுகிறார். கண் பள்ளத்தைப் பார்ப்பதில்லை. வளைவு முடியும் இடத்தைப் பார்க்கிறது. கண் போகும் பக்கம்தான் வண்டியும் போகும். எதிரே பஸ் திரும்பினால் ஓரமாக நின்று வழிவிடுகிறார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். அதனால் சின்ன கியரில் போட்டு, இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்குகிறார்கள்.

பெற்றோர்களே, இவ்வளவு தூரம் உங்களை அழைத்துப் போனதற்குக் காரணம் இருக்கிறது. நம் தோட்டத்து மேட்டு ரோட்டிலே தினமும் காலையில் என்ன நடக்கிறது? பெட்ரோல் மிச்சம் என்று கப்சாயைக் கியர் இல்லாமல் 'ஃபிரீ'யில் விட்டு இறங்குகிறோம். பின்னால் இரண்டு பிள்ளைகள். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி. ஹெல்மெட் கட்டாயம் என்று 1973-லேயே நாட்டில் விதி வந்துவிட்டது. அப்பா தலையில் அது இருக்கிறது. பிள்ளை தலையில் இல்லை. மிச்சமாவது பத்துக் காசுப் பெட்ரோல். பின்னால் உட்கார்ந்திருப்பதோ இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் நம் செல்வம்! நாளைக் காலையிலிருந்து கியரில் இறங்குங்கள். பிள்ளைக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். இந்தப் பள்ளிக்கூடம் உங்களிடம் கேட்கும் நன்கொடை அதுதான்.

மாணவர்களே, பரிசு கிடைத்தவர்களுக்கு என் பாராட்டு. கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். 48 வளைவையும் ஒரேயடியாக அண்ணாந்து பார்த்தால் யாருக்கும் மலைப்புத்தான் வரும். முன்னால் இருக்கும் ஒரு வளைவை ஒழுங்காகத் திரும்புங்கள். எண் ஒன்று குறையும். அப்படிக் குறைந்து குறைந்துதான் எல்லாரும் உச்சிக்குப் போகிறார்கள்.