சேரியின் இடுகாடு: நிலம், பெயர், நினைவு



இறந்த ஒருவரின் பெயரைச் சொல்லிக் கூடுகிறோம். அவர் பெயரால் பேசுகிறோம், பேசியதை அச்சிட்டு வைக்கிறோம். பெயர் அழியக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். அதனால் நம் மக்களின் பெயர்கள் அழிந்துகொண்டிருக்கும் ஓர் இடத்தைப் பற்றி இன்று பேச நினைக்கிறேன். அது சேரியின் இடுகாடு.

இறந்தவருக்குக் கல் நடுவது தருமபுரி மண்ணுக்குப் புதிதல்ல. இந்த மாவட்டத்தின் நடுகற்கள் பலவற்றைத் தருமபுரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அவற்றின் எழுத்துகளைத் தொல்லியல் துறை 1975இல் ‘தருமபுரி கல்வெட்டுகள்’ என்று நூலாக்கியது. மாடு கவரப் போய் மாண்டவன், மாடு மீட்கப் போய் மாண்டவன், அவன் யாருடைய ஆள், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்றெல்லாம் கல் சொல்கிறது. பக்கத்து மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

அந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, சில மாணவர்களோடு அரூர்ப் பக்கம் எங்கள் சேரிக்குப் போனேன். என் பாட்டியைப் புதைத்த இடம் அங்கேதான். ஏரி உள்வாயை ஒட்டி வேலிக்காத்தான் புதர். இடுகாட்டுக்குத் தனிப் பாதை கிடையாது, அடுத்தவர் நிலத்து வரப்புதான் வழி. ‘பயிர் நிக்கிற மாசத்துல நம்மாளு யாரும் சாகக் கூடாது’ என்று என் அப்பா சொல்வார். சின்ன வயதில் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

கூட வந்த என் அத்தை ஒவ்வொரு மேடாகக் காட்டினார். ஒரு கருங்கல், என் பாட்டி. ஓர் உடைந்த அம்மி, பெரிய தாத்தா. இரண்டு மேடுகளுக்கு நடுவே சின்ன மேடு, பிறந்த மூன்றாம் நாள் இறந்த குழந்தை. 23 வரை எண்ணி நிறுத்தினார். ‘அதுக்கு அந்தாண்ட எனக்குத் தெரியாது கண்ணு. தெரிஞ்சவங்களும் போய்ட்டாங்க’ என்றார்.

ஊரார் எல்லோருக்கும் குழி வெட்டியவர்கள், சாவுச் சேதி சொல்லிப் போனவர்கள், பறையடித்தவர்கள் இங்கே படுத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் எப்போது செத்தார் என்று ஊருக்கே கணக்குச் சொன்ன மக்களின் சொந்தக் கணக்கு 23ஆவது மேட்டில் நின்றுபோகிறது.

‘இதைச் சீரமைப்போம்’ என்றதும் கூட வந்த ஒரு மாணவர் கேட்டார்: ‘தனிச் சுடுகாடே சாதியின் அடையாளம்தானே? பொது மயானம் கேட்க வேண்டிய நாம், சேரி இடுகாட்டுக்கு வேலி போட்டுச் சாதியைக் காப்பாற்றலாமா?’

நியாயமான கேள்வி. 2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைத் தானாகவே எடுத்துக்கொண்டது. தலித்துகளுக்கு அரசே தனி மயானம் ஒதுக்குவது ஏன் என்றும் கேட்டது. பொது மயானம் நம் உரிமை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையின் பேரால் மயானத்தை மறுப்பதைக் குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் இடுகாடு, சுடுகாட்டைச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஆனால் பொது மயானம் நாளை சாகப்போகிறவர்களுக்கானது. பழைய இடுகாடு, நேற்று செத்தவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கான சாட்சி. பாதையில்லாத அந்த மூலைக்கு நம்மை யார் தள்ளினார்கள் என்பதற்கும் அதுவே சாட்சி. அதை உழுது தோப்பாக்கிவிட்டால் நிலம் ஒருவர் கைக்குப் போகும், குற்றத்தின் தடயமும் மறைந்துபோகும்.

நியூயார்க்கில் 1991இல் அரசுக் கட்டடம் ஒன்றுக்காக மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்க அடிமைகளை, நகர எல்லைக்கு வெளியே புதைத்த இடம் அது. அதன் மேல்தான் பின்னால் நகரம் வளர்ந்திருந்தது. கறுப்பின மக்கள் போராடி வேலையை நிறுத்தினார்கள். எடுக்கப்பட்ட 419 பேரின் எச்சங்களைக் கறுப்பினத்தவரின் ஹோவார்டு பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. அந்த நகரத்தைக் கட்டியதில் அடிமைகளின் உழைப்பு எவ்வளவு என்பதை, பாரம் சுமந்து தேய்ந்த அந்த எலும்புகள் சொல்லின. 2003இல் அவர்களை அங்கேயே மீண்டும் அடக்கம் செய்தார்கள். 2006இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமானது. ஒதுக்கப்பட்ட இடுகாடு என்பதற்காக அதை அவர்கள் கைவிடவில்லை. ஒதுக்கியதற்கான ஆதாரமாக ஊர் நடுவே நிறுத்தினார்கள்.

கல்லறையை ஏன் அரசியல் என்கிறேன் என்று இந்த மாவட்டத்தில் விளக்க வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7இல் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்தன. 2013 ஜூலை 4இல் இளவரசன் ரயில் பாதையோரம் இறந்து கிடந்தார். நீதிமன்றம், மறு பிரேதப் பரிசோதனை என்று காத்திருந்து, ஜூலை 14இல்தான் நத்தத்தில் அடக்கம் நடந்தது. முதலாண்டு நினைவு நாளுக்குத் தடையுத்தரவு வந்தது. ஒரு கல்லறைக்கு முன்னால் நின்று அழுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்த மண் இது.

ஆகவே, மாணவர்களே, உங்களிடம் சில வேலைகளைக் கேட்கிறேன்.

முதலில் காகிதம். உங்கள் ஊர் இடுகாட்டின் புல எண் என்ன, ‘அ’ பதிவேட்டில் அது மயானம் என்று இருக்கிறதா, வெறும் புறம்போக்கு என்று இருக்கிறதா, பரப்பு எவ்வளவு என்று பாருங்கள். புலப்படத்தின் நகலை வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிவேட்டில் உள்ள பரப்பும் தரையில் உள்ள பரப்பும் ஒன்றா என்று அளக்கச் சொல்லி மனு கொடுங்கள். குறைந்திருந்தால், 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பாதைக்கான கோரிக்கையைக் கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள்.

அடுத்தது பெயர். ஒரு நோட்டு, ஒரு செல்போன் போதும். வயதானவர்களை, முக்கியமாகப் பெண்களை, அழைத்துப் போங்கள். ஒவ்வொரு மேட்டுக்கும் ஓர் எண் கொடுங்கள். யார், யாருடைய மகள், என்ன வேலை செய்தார், எப்படி இறந்தார் என்று எழுதுங்கள். பெயர் தெரியாத மேட்டையும் விடாதீர்கள். ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதுங்கள், அதுவும் வரலாறுதான்.

இவை முடிந்த பிறகுதான் மண்வெட்டி. ஜேசிபியை உள்ளே விடாதீர்கள். அரை நாளில் முள்ளோடு சேர்த்து மேடுகளையும் வழித்துவிடும். வேலிக்காத்தானைக் கையால் வெட்டுங்கள். தலைமாட்டில் இருக்கும் அம்மியோ குழவியோ கருங்கல்லோ அதே இடத்தில் இருக்கட்டும். அழகுக்காக அதன் மேல் சிமெண்ட் பூசாதீர்கள். அந்த உடைந்த அம்மிதான் நம் நடுகல்.

எங்கள் சேரியில் வேலை தொடங்கிவிட்டது. நோட்டில் 23 பெயர்கள் இருக்கின்றன. பக்கத்து ஊருக்கு வாக்கப்பட்டுப் போன ஒரு பாட்டிக்கு இன்னும் சில மேடுகள் தெரியும் என்கிறார்கள். அடுத்த ஞாயிறு அவரைப் பார்க்கப் போகிறோம். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே போய்விடுங்கள்.