ஒரு கல்லில் இருவர்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



இலக்கியத்துக்கென ஒதுக்கிய நேரத்தில் கல்லைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் எண்ணக்கூடும். நடந்ததைச் சொல்கிறேன், காரணம் தானாக விளங்கும்.

வட்டக்கச்சியில் என் தம்பியின் மகளுக்குக் கலியாணம். முதல்நாட் பின்னேரம் வீடு நிறைந்த சனம். லண்டனிலிருந்து வந்திருந்த தாய்மாமன் தன் பெட்டியைத் திறந்து, சீலையால் சுற்றிய ஒரு பொருளை இரு கைகளாலும் தூக்கி மேசையில் வைத்தார். மேசை ஒருதரம் முனகியது. சீலையை அவிழ்த்தால் உள்ளே கல். ஓரடி உயரம். கரும்பச்சை நிறம். உற்றுப் பார்த்தால் இரண்டு தலைகள் நெற்றியோடு நெற்றி சாய்ந்திருப்பது தெரியும். இரண்டு கழுத்துகளும் கீழே இறங்கி ஒரே உடலாகி, அந்த உடலும் செதுக்காத முரட்டுக் கல்லில் போய் முடிகிறது.

"இதென்ன அண்ணை?" என்று மணமகளின் தாய் கேட்டாள்.

"காதலர். ஆபிரிக்காவிலை, சிம்பாப்வேயிலை கையாலை செதுக்கினது. புதுவீட்டிலை வைக்கத்தான் கொண்டுவந்தனான்."

என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இஞ்சாருங்கோ, இது ஆரெண்டு தெரியுதே? மூக்குமில்லை, முழியுமில்லை. காசைக் குடுத்துக் கல்லை வாங்கி, அதைப் பிளேனிலையும் ஏத்திக்கொண்டு வந்திருக்கிறார்."

"செத்தல் மிளகாய் அரைக்கலாமோ?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வீடு முழுவதும் சிரிப்பு. மாமனின் முகம் சுருங்கிவிட்டது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகவே இந்த உரையை வைத்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, சிம்பாப்வே என்ற பெயரே கல்லிலிருந்து பிறந்தது. சோனா மொழியில் 'கல்வீடுகள்' என்ற பொருள் தரும் சொற்றொடரே நாட்டின் பெயராயிற்று என்பர். அந்த நாட்டில், 11 ஆம் நூற்றாண்டு தொடக்கம் 15 ஆம் நூற்றாண்டு வரை, சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லடுக்கி எழுப்பிய பெருமதில்கள் இன்றும் நிற்கின்றன. மாக்கல்லிற் செதுக்கிய எட்டுப் பறவைகள் அங்கே கண்டெடுக்கப்பட்டன. அந்தப் பறவையே அந்நாட்டுக் கொடியில் இருப்பது. அந்த மதில்களைக் கறுப்பு மக்கள் கட்டியிருக்கவே முடியாது, வேறெவரோ வந்து கட்டிப் போயிருக்கவேண்டும் என்று வெள்ளையாட்சியாளர் பலகாலம் சாதித்தார்கள். ஓர் இனத்தின் கையிலிருந்து அதன் கல்லைப் பறிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது, பாருங்கள்.

இன்று உலகம் 'சோனாச் சிற்பம்' என்று அழைக்கும் கலை அவ்வளவு பழையதன்று. இன்றைய ஹராரே நகரம் அன்று சோல்ஸ்பரி. அங்கே 1957 இல் தேசிய கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் பிராங் மக்குவன் என்பவர், கலைக்கூடத்தோடு ஒரு பட்டறையையும் சேர்த்து, உள்ளூர் இளைஞர் கையில் உளியைக் கொடுத்தார். ஆனால் அதற்கு முன்பே தானாகக் கல்லைச் செதுக்கிப் பழகியவர் ஜோராம் மரிகா. விவசாயத் திணைக்களத்தில் வேலை பார்த்த மனிதர். அந்நாட்டு நவீன சிற்பத்தின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. 1965 இல் அங்கிருந்த வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் பிரகடனம் செய்ய, உலக நாடுகள் பொருளாதாரத் தடை விதித்தன. புகையிலை விலைப்படவில்லை. தெங்கெனெங்கே என்ற இடத்தில் புகையிலைத் தோட்டம் வைத்திருந்த ரொம் புளோம்பீல்ட், தன் நிலத்தில் நல்ல கல் கிடக்கக்கண்டு, 1966 இல் தோட்டத் தொழிலாளரைச் சிற்பம் செதுக்கச் சொன்னார். பள்ளியிற் கலை படிக்காதவர்கள். மலாவியிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் அவர்களிற் பலர். எனவே சோனாச் சிற்பிகள் எல்லோரும் சோனா மக்கள் அல்லர். பெயர்தான் அப்படி நின்றுவிட்டது. 1971 இல் இந்தச் சிற்பங்கள் பாரிஸில் ரொடான் நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. புகையிலைக் கன்றுக்கு மண்ணணைத்த கைகள், 'முத்தம்' என்ற சிலையைச் செய்த அந்த மகா சிற்பியின் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டன!

அவர்கள் பெரிதும் எடுப்பது சேர்ப்பன்ரைன் என்ற கல். பாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். பாம்பின் தோல்போல நிறமும் வரியும் உண்டு. உளியாற் கொத்தி, அரத்தால் ராவி, நீர்விட்டு நீர்விட்டுத் தேய்ப்பார்கள். பிறகு கல்லைத் தீயிற் சுடவைத்து, சூடு இருக்கும்போதே தேன்மெழுகைத் தடவுவார்கள். மெழுகு ஊறிய இடம் இருண்டு மினுங்கும். தேய்க்காத இடம் சாம்பல் நிறத்தில் வெறுங்கல்லாகவே நிற்கும். முகத்தை மினுக்கிவிட்டு, பெண்ணின் பாவாடையை உளித்தடத்தோடு அப்படியே விட்டுவிடுவது கொலீன் மடமொம்பே என்ற பெண் சிற்பியின் கைவண்ணம். மாமன் கொணர்ந்த சிற்பத்தின் கீழ்ப்பாதி முரடாக இருந்தது சோம்பலால் அன்று. எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

காதலர், தாயும் பிள்ளையும், குடும்பம் ஆகியவை இந்தக் கலையில் மீண்டும் மீண்டும் வரும் பொருள்கள். சந்தை பெருகவே ஒரேமாதிரியான காதலர்கள் ஆயிரக்கணக்கில் உருவானதும் உண்டு. 'விமான நிலையக் கலை' என்று மக்குவனே அதைப் பழித்தார். நல்லதும் சொத்தையும் கலந்துதான் கிடக்கிறது. ஆனால் நல்ல சிற்பத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு பேரைத் தனித்தனியே செய்து ஒட்டுவதில்லை. ஒரே கல்லுக்குள் இருவர். இடையிலுள்ள கல்லை எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விடவேண்டும் என்பதே சிற்பியின் தீர்ப்பு. ஒரு கொத்து கூடினால் பிரிந்துவிடுவார்கள். ஒரு கொத்து குறைந்தால் இருவர் என்பதே தெரியாது. கலியாணம் செய்த நேயர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். "இது ஆர்?"

நேயர்களே, நமது சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தலைவன் யார்? தலைவி யார்? பெயர் கிடையாது. அகத்திணையில் காதலருக்குப் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயர் வந்துவிட்டால் அது புறமாகிவிடும். தலைவியின் மூக்கு எப்படி என்று அறியாமலே ஈராயிரம் ஆண்டுகளாக அவளுக்காக நாம் கலங்கவில்லையா? பெயர் இல்லாததனாலேதான் எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க முடிகிறது. முகத்தைச் செதுக்காமல் விட்ட சிம்பாப்வேச் சிற்பிக்குத் தொல்காப்பியம் தெரிந்திராது. ஆனால் தொல்காப்பியருக்கு அந்தச் சிற்பம் விளங்கியிருக்கும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வவுனியாவிலிருந்து மதவாச்சி வழியாக அநுராதபுரம் 50 கிலோமீற்றர் சொச்சம். அங்கே இசுறுமுனியவில் ஒரு கற்பலகை இருக்கிறது. ஆடவன் மடியில் பெண். அவள் ஒரு விரலை உயர்த்தி, போதும் என்பதுபோல் எச்சரிக்கிறாள். அவனோ கேட்பதாயில்லை. குப்தர் பாணிச் சிற்பம் என்பர் அறிஞர். சாதியிற் குறைந்தவளென்று ஊர் சொன்ன அசோகமாலாவுக்காக அரியணையை விட்ட இளவரசன் சாலியன் என்பது மக்கள் நம்பும் கதை. வீரனும் மனைவியும் என்பார் உளர். தெய்வ இணை என்பாரும் உளர். கல்லிலோ பெயரில்லை. அதன் பிரதிகள் மரத்திலும் உலோகத்திலும் இந்நாட்டின் எத்தனையோ வீட்டுச் சுவர்களிலே தொங்குகின்றன. இன்னார் என்று தெரியாத இருவரை வீட்டுக்குள் வைத்திருக்க எவரும் கூச்சப்படவில்லை.

அப்படியானால் வன்னியில் நம் வீடுகளுக்குள் காதற் கல் வந்ததே இல்லையா? வந்தது. அடுக்களையில் இருந்ததால் நாம் அதைக் கலையென்று எண்ணவில்லை. அம்மியைத்தான் சொல்கிறேன்.

மணவறையில் மணமகன் குனிந்து மணமகளின் காலைப் பிடித்து அம்மியின்மேல் வைக்கிறான். இந்தக் கல்லைப்போல் உறுதியாயிரு என்பது அந்தச் சடங்கின் கருத்து. நம் வாழ்நாளில் ஓர் ஆண் பலரறியப் பெண்ணின் காலைத் தொடும் இடம் வேறெது? யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் பூமி. அந்தக் கல் அம்மிக்கு உதவாது. வவுனியாப் பக்கத்தில் நிலத்துக்கு மேலே தலைநீட்டி நிற்கும் பாறைகளோ மிகப் பழைய கல்வகையைச் சேர்ந்தவை. புவிச்சரிதவியலாளர் அந்தப் பாறைத் தொகுதிக்கே 'வன்னித் தொகுதி' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டு அம்மியின் கதை. 2008 ஆம் ஆண்டின் இறுதியில் நாங்கள் வீட்டைவிட்டு ஓடியபோது, லான்ட்மாஸ்ரர் பெட்டியில் அம்மியை ஏற்ற இடமில்லை. எத்தனையோ இடம் இருந்து எழும்பி, முகாமிலும் கிடந்து, 2010 இல் திரும்பிவந்தோம். கூரை இல்லை. கதவில்லை, நிலையுமில்லை. முருங்கையடியில், பற்றைக்குள், அம்மி குப்புறக் கிடந்தது. எரியாதது, எவரும் தூக்கிப்போக விரும்பாதது அது ஒன்றுதான். குழவியைக் காணவில்லை. வீட்டைக் கண்டு அழாத என் மனைவி, அம்மிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதாள்.

அடுத்த காணிக்காரிக்கு மறுவளமாக நடந்திருந்தது. அவளுடைய அம்மி செல்பட்டு மூன்று துண்டு. குழவி மட்டும் முழுசாக மிஞ்சியது. அவள் இரண்டு பிள்ளைகளோடு திரும்பியிருந்தாள். கணவர் திரும்பவில்லை. ஒருநாள் காலையில் அந்தக் குழவியை இடுப்பிற் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு வந்தாள். "அக்கா, உங்கடை அம்மியிலை என்ரை குழவியை வைச்சுப் பாப்பமே?"

வைத்தால் பொருந்தவில்லை. ஒரு குழவி தன் அம்மியோடு ஆண்டுக்கணக்காக உரசி உரசி அதன் வளைவை வாங்கியிருக்கும். வேறு அம்மியில் இட்டால் ஓரம் அரைபடும், நடு அரைபடாது. அம்மி பொளிகிறவர் ஒருவரைக் கண்டுபிடித்து இரண்டையும் பொளிவித்தோம். முதல் அரைத்ததைக் கல்தூளோடு கொட்டினோம். பிறகும் ஒரு வருடம் சம்பல் திப்பிதிப்பியாகவே வந்தது. இரண்டு வீட்டுப் பெண்களும் மாறிமாறி அரைத்து அரைத்து, எப்போது என்று சொல்லமுடியாத ஒரு நாளில் அவை இணங்கிவிட்டன.

தம்பி மகளின் கலியாணத்துக்கு மணவறைக்குப் போனது அந்த அம்மிதான். குழவியும் கூடப் போனது. உறவுக்காரர் ஒருவர் என் மனைவியின் காதருகே வந்து, "குழவி அவளின்ரையெல்லோ? மங்கல காரியத்திலை..." என்று இழுத்தார். என் மனைவி குரலைத் தாழ்த்தவில்லை. "அந்தக் குழவி இல்லாட்டி இந்த அம்மி வெறுங்கல்லு. ரண்டும் இருக்கும்." அடுத்த காணிக்காரி படலையடியில் நின்றாள். என் மனைவி போய்க் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிவந்தாள்.

மணமகள் காலை வைத்தபோதுதான் முதல்நாள் சிரித்த சிரிப்பு என் நெஞ்சில் உறைத்தது. ஒரு கல்லுக்குள் இருவரைக் கண்டவர் அந்தத் தூரதேசத்துச் சிற்பி. இரண்டு கல் தேய்ந்து ஒன்றாவதைக் கண்டவர் நாம். இரண்டும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன. இவற்றில் ஒன்றுக்கு விலைபோட்டு, மற்றதை 'கிறைண்டர்' வந்ததும் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கல்லாக்குவதும் நாமேதான். கலை என்பது வெளியிலிருந்து பெட்டியில் வரும் பொருள் என்று நினைப்பவருக்கு அம்மி தெரியாது. அடுக்களைக்கு வெளியே கல்லுக்கு வேலையில்லை என்று நினைப்பவருக்குச் சிற்பம் தெரியாது. எங்கள் கல்லுளிகள் தெய்வத்தைச் செய்தன, அம்மியைச் செய்தன. பெயரில்லாத இருவரையும் ஒருநாள் செய்யட்டுமே. கல் இருக்கிறது. கையும் இருக்கிறது.

சோளகம் வீசிய நாளொன்றில் மணமக்களின் வீட்டுத்திட்ட வீட்டுக்குப் போனேன். சிற்பத்தைக் காட்சி அலுமாரியிலே தேடினேன், காணவில்லை. பார்த்தால், காற்றுக்கு அடிபடாமல் முன்கதவுக்கு அண்டைகொடுத்து நிலத்தில் நிற்கிறது. மாமன் கண்டால் மனம் நொந்துபோவார் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு தலைகளும் கைபட்டுக் கைபட்டு முன்னையிலும் மினுங்கின.

"இதை இஞ்சையோ பிள்ளை வைச்சிருக்கிறாய்?" என்றேன்.

"இவையள் இல்லாட்டிக் கதவு நில்லாது பெரியப்பா" என்றாள்.

'இது' என்று சொல்லவில்லை, நேயர்களே. 'இவையள்' என்றாள்.