பணயமும் ஆட்டக்காரியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழாவில் பேச அழைத்த செயலாளர் தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டிருந்தார். 'போக்கர் ஆட்டமும் பெண்ணும்' என்று சொன்னேன். தொலைபேசியில் சற்று நேரம் அமைதி நிலவியது. தமிழ் விரிவுரையாளருக்குச் சீட்டாட்டத்தில் என்ன வேலை என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அவ்வேலை இன்னதென்று கூறுவதே இவ்வுரை. சூதைப் புகழ நான் வரவில்லை. சூதால் அழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். பணம் வைத்தாடும் இணையவழி ஆட்டங்களை 2025ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றமே சட்டமியற்றித் தடை செய்தது. நான் பேச வந்தது ஆட்டத்தைச் சுற்றி அமர்ந்திருப்போரைப் பற்றி. அவர்களிடையே பெண்ணின் இருக்கை எது என்பதைப் பற்றி.

என் இளமையில் கல்யாண வீடுகளில் கண்ட காட்சி ஒன்று உண்டு. இரவு உணவு முடிந்ததும் கூடத்தில் ஜமக்காளம் விரிப்பார்கள். மாமாக்களும் சித்தப்பாக்களும் விடியும்வரை சீட்டாடுவார்கள். உள்ளறையில் பாட்டியும் அத்தைகளும் தாயக்கட்டம் வரைந்து புளியங்கொட்டை வைத்து ஆடுவார்கள். ஆடத் தெரியாதவர்கள் அல்லர் எம் பெண்கள். ஆனால் அவர்கள் ஆட்டத்தில் காசு இல்லை. கூடத்து ஆட்டத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. கூடத்திற்குள் அவர்கள் நுழைந்தது காப்பித் தம்ளருடன் மட்டுமே.

நம் இலக்கியத்திலும் இதே அமைப்பைக் காண்கிறோம். திருக்குறளில் 94ஆம் அதிகாரம் சூது. அதற்கு முந்தியது கள்ளுண்ணாமை. அதற்கும் முந்தியது வரைவின்மகளிர். ஆணைக் கெடுக்கும் மூன்றினை வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் பெண் கள்ளுக்கும் சூதுக்கும் பக்கத்தில் நிற்கிறாள். கள்ளுண்பவளாகவோ சூதாடுபவளாகவோ நிற்கவில்லை. நளன் கதையில் நாட்டையெல்லாம் தோற்றவன் தமயந்தியைப் பணயம் வைக்க மறுக்கிறான். அதை அவன் பெருமையாகப் போற்றுகிறோம். தருமனோ பாஞ்சாலியைப் பணயம் வைத்தான். அவள் அவையில் எழுப்பிய வினாவை எண்ணிப் பாருங்கள்: தன்னைத் தோற்ற பின்னர் என்னைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை ஏது? வீடுமர் முதலானோர் இருந்த அவையில் அதற்கு நேரிய விடை கிட்டவில்லை. ஆட்டத்தின் விதியை அந்த அவையில் சரியாக அறிந்திருந்தவள், ஆட அழைக்கப்படாமல் பணயமாக வைக்கப்பட்டவளே ஆவாள்.

இனிப் போக்கருக்கு வருவோம். என் பழைய மாணவி ஒருத்தி மரியா கொன்னிக்கோவா என்பார் 2020இல் எழுதிய நூலை எனக்கு அனுப்பியிருந்தாள். உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற எழுத்தாளர் அவர். சீட்டே அறியாத நிலையில் எரிக் சைடல் என்னும் தேர்ந்த ஆட்டக்காரரிடம் பயின்று, 2018இல் பகாமாஸ் தீவில் ஒரு போட்டியையும் வென்றார். அந்நூல்வழியே நான் இவ்வாட்டத்தை அறிந்துகொண்டேன்.

இன்று பெரிதும் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம் முறை. ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரண்டு சீட்டுகள். நடுவில் அனைவர்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள். நான்கு சுற்றுப் பந்தயம். கையில் நல்ல சீட்டு உள்ளவரே வெல்வார் என்பதில்லை. ஒன்றுமில்லாத கையுடன் ஒருவர் பெரும்பந்தயம் கட்டலாம். எதிரிலிருப்போர் அஞ்சித் தம் சீட்டைக் கவிழ்த்துவிட்டால் குவிந்த பணம் அவருக்கே. இதனை 'ப்ளஃப்' என்பார்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டும் இத்துணிவே போக்கரின் உயிர்.

அமெரிக்காவில் இவ்வாட்டம் மதுக்கடைகளிலும் சுரங்க ஊர்களிலும் வளர்ந்தது. 'போக்கர் ஆலிஸ்' எனப் பெயர்பெற்ற ஆலிஸ் ஐவர்ஸ் சுரங்க விபத்தில் கணவரை இழந்தபின் சீட்டாடிப் பிழைத்தவர், 1930இல் மறைந்தார். வாயில் சுருட்டுடன் உள்ள அவர் நிழற்படம் புகழ்பெற்றது. 1970இல் லாஸ் வேகாசில் உலகப் போக்கர் போட்டித் தொடர் தொடங்கியது. அதன் முதன்மைப் போட்டியில் 1995இல் பார்பரா என்ரைட் 273 பேருக்கிடையே ஆடி இறுதி மேசையை எட்டி ஐந்தாம் இடம் பெற்றார். அம்மேசையில் அடுத்த பெண் அமர முப்பது ஆண்டுகள் ஆயின. 2025இல் ஸ்பெயின் நாட்டு லியோ மார்கெட்ஸ், 9,735 பேர் பங்கேற்ற போட்டியில் ஏழாம் இடம் பெற்றார். 1970 முதல் 2025 வரை அப்பட்டத்தை வென்ற பெண் எவருமிலர்.

பெண்ணுக்கு ஆற்றல் இல்லை என்பதா இதன் பொருள்? நார்வேயின் அனெட் ஓப்ரஸ்டாட் 2007இல் தம் 18ஆம் வயதில், அதே தொடரின் ஐரோப்பிய முதன்மைப் போட்டியில் 362 பேருக்கிடையே ஆடி வென்றார். வனெசா செல்ப்ஸ்ட் 2008, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் இருபாலரும் ஆடும் போட்டிகளில் மூன்று பட்டங்கள் பெற்றார். பளு தூக்கும் வலிமையோ ஓட்டத்தின் விரைவோ வேண்டாத ஆட்டம் இது. ஆயினும் முதன்மைப் போட்டிக்கு வருவோரில் பெண்கள் நூற்றுக்கு நால்வர், ஐவர் என்ற அளவிலேயே இருந்து வந்துள்ளனர். தடை சீட்டில் இல்லை. மேசையைச் சுற்றி இருக்கிறது.

2016இல் வெளியான ஆய்வு ஒன்று ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. கணினித் திரையில் போக்கர் ஆடியோருக்கு எதிராளிகளாகப் பெண் முகங்களை மட்டும் காட்டியபோது, அவர்கள் ப்ளஃப் செய்தது நூற்றுக்கு ஆறு பங்கு கூடியது. ஆட்டத்தில் மாற்றமில்லை, எதிரில் காட்டிய முகம் மட்டுமே மாறியது. பெண் எளிதில் அஞ்சிச் சீட்டைக் கவிழ்ப்பாள் என்னும் நம்பிக்கை, ஆட்டம் தொடங்குமுன்பே மேசைக்கு வந்துவிடுகிறது. கொன்னிக்கோவாவும் தம்மை நோக்கி இதையே கண்டு எழுதுகிறார். விட்டுக்கொடுத்துப் பழகிய பெண்ணியல்பு, நல்ல சீட்டு இருந்தபோதும் தம்மைப் பின்வாங்க வைத்தது என்கிறார்.

உணர்ச்சியை முகத்தில் காட்டாதிருத்தலை அங்கே 'போக்கர் முகம்' என்று போற்றுகிறார்கள். நம் வீடுகளில் அக்கலையை யாருக்குக் கற்பித்திருக்கிறோம்? பசியை, சினத்தை, அழுகையை முகத்தில் காட்டாதிருக்கப் பத்து வயதிலேயே பயின்றவள் பெண். ஆனால் அதே முகம் ஆணுக்கிருந்தால் உறுதி என்கிறோம். பெண்ணுக்கிருந்தால் அழுத்தக்காரி என்கிறோம். ஆணின் பாசாங்கு திறமை. பெண்ணின் பாசாங்கு வஞ்சம்.

கவிஞர் பெருமக்களே, நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. கவிதையும் ஒருவகையில் ப்ளஃப் அன்றோ? தான் அல்லாத ஒருவராக நின்று பேசும் உரிமை அது. கபிலர் தலைவியின் கூற்றாக எத்துணையோ பாடல்கள் பாடினார். அவற்றைக் கபிலரின் சொந்த வாழ்க்கை என்று எவரும் கொள்வதில்லை, புலமை என்கிறோம். வெள்ளிவீதியார் தலைவி கூற்றாகப் பாடினால், அது அவரே கணவரைத் தேடி அலைந்த கதை என்று படிக்கிறோம். அகநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்று அவர் பெயரைச் சுட்டுவது உண்மையே. ஆயினும் ஒரு குறிப்பைக் கொண்டு ஒரு புலவரின் பாடல்கள் அனைத்தையும் வாக்குமூலமாக்கிவிடலாமா? கற்பனை செய்யும் உரிமையை அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம் அல்லவா?

இது பழங்கதை அன்று. கணவன் மீதான வெறுப்பைப் பாடிய என் கவிதையொன்று ஒரு சிற்றிதழில் வெளிவந்தபோது, "வீட்டில் ஏதும் பிரச்சினையா அம்மா?" என்று அன்புடன் விசாரித்தவர்கள் மூவர். அதே இதழில் கொலைகாரனின் குரலில் எழுதிய நண்பரை எவரும் அப்படி விசாரிக்கவில்லை. "என்ன கற்பனை!" என்றார்கள். நான் சீட்டை மறைத்து ஆடினேன். அவர்களோ என் கையில் என்ன சீட்டு என்று என்னிடமே கேட்டார்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். லாஸ் வேகாசுத் தொடரில் 1977 முதல் மகளிர் போட்டி தனியே நடந்துவருகிறது. 2010இல் ஆண்கள் சிலர் அதிலும் நுழைந்தனர். ஆண்களைச் சட்டப்படி தடுக்க இயலாமையால், 2013இல் நுழைவுக் கட்டணத்தைப் பத்தாயிரம் டாலர் என்று வைத்து, மகளிர்க்கு மட்டும் ஆயிரமாகக் குறைத்தார்கள். தனி மேசை வேண்டுமா என்பதில் ஆட்டக்காரிகளிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. அச்சமின்றி முதன்முதலாக அமர அது இடம் தந்தது என்போர் உண்டு. அதுவே வேலியாகிவிட்டது என்போரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. தனி மேசை ஏறுபடியாக இருக்கும்வரை நன்று. படியிலேயே அமர்த்திவிட்டால் அது திண்ணைதான்.

நம் வட்டத்திலும் ஆண்டுதோறும் மகளிர் கவியரங்கம் நடக்கிறது. முதன்முறை இம்மேடை ஏறியபோது என் கால்கள் நடுங்கின. அந்த அரங்கம் இல்லையேல் நான் ஏறியே இருக்கமாட்டேன். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் பத்தாண்டு ஆகிவிட்டது. இன்னும் பிற்பகல் உணவுக்கு முந்தைய அரைமணி நேரமே எங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. நூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இதுவரை பெண் ஒருவரும் இடம்பெற்றதில்லை. குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. என் வீட்டுக் குறையை வீட்டாரிடம் சொல்கிறேன்.

என் வேண்டுகோள் இரண்டு. பதினோராம் ஆண்டில் கவிதைகளைத் தெரிந்தெடுக்கும் மேசையில் எங்களுள் ஒருவரேனும் அமரட்டும். பெண்ணொருத்தி 'நான்' என்று பாடும்போது, அந்த 'நான்' யார் என்று அவளிடம் வினவாமல், கபிலருக்குத் தந்த உரிமையை அவளுக்கும் தாருங்கள்.

காப்பித் தம்ளருடன் கூடத்திற்குள் வந்த என் அத்தைகள் ஒருகணம் நின்று ஆட்டத்தைக் கவனித்துவிட்டே உள்ளே செல்வார்கள். யார் எந்தச் சீட்டைத் தவறாக இறக்கினார் என்று மறுநாள் காலையில் சமையலறையில் துல்லியமாகச் சொல்வார்கள். அவர்களை ஒருமுறையேனும் ஜமக்காளத்தில் அமரச் சொல்லியிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.